இன்ஸ்பெக்டர் வர்றார், அரிசி மூட்டையை நகர்த்துங்க!

வீடு விக்கப் போறோம்னு நாலு பேர் காதுல போட்டுப் பாருங்க. நாப்பது பேர்கிட்டேர்ந்து அறிவுரை வரும்.

கிச்சன்ல கிரானைட் மாத்துங்க. கார்பெட்டைப் பிடுங்கிட்டு மரத்தரை போடுங்க. சுவர் பூரா சாம்பல் கலர் அடிங்க (அது என்ன ராசியோ, அமெரிக்கால விக்கிற வீடெல்லாம் சாம்பல் பூசிக்கிட்டுதான் நிக்குது). பேஸ்மென்ட் சுவர்ல ஈரக்கறையா? அட, அது மேல ரெண்டு கோட் பெயிண்ட் அடிச்சு விடுங்க, யாருக்குத் தெரியப் போகுது!

இந்தக் கடைசி அறிவுரையைக் கேட்டதுலேர்ந்து எனக்கு ஆத்திரம் தீரல. அதான் இந்தப் பதிவு.

யாருக்குத் தெரியப் போகுதா? இன்ஸ்பெக்டருக்குத் தெரியும் அண்ணே. அதைக் கண்டுபிடிக்கத்தானே அவர் காசு வாங்கிட்டு வர்றார்!

எங்க வீடு நியூ ஜெர்சி எடிசன்ல. எண்பதுகள்ல கட்டினது. பிள்ளைங்க ஆளுக்கொரு திசையில போயாச்சு. பனி அள்ள முதுகு ஒத்துழைக்கல. வித்துட்டுச் சின்னதா ஒரு காண்டோ பார்த்துப் போயிடலாம்னு நானும் ரங்கமணியும் (என் வீட்டுக்காரர்தான்) முடிவு பண்ணினோம். ஆள் வந்து பார்த்து, விலை படிஞ்சு, இன்ஸ்பெக்‌ஷனும் முடிஞ்சுது. சூடு ஆறுறதுக்குள்ள எழுதிடறேன்.

ஊர்ல இருந்து படிக்கிறவங்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். தாம்பரத்துல எங்க அப்பா வீட்டை வித்தப்போ, வாங்கினவங்க மூலப்பத்திரம், வில்லங்கச் சான்றிதழ், பட்டா, வரி ரசீதுன்னு ஒரு கட்டுப் பேப்பரை வக்கீல்கிட்ட குடுத்து அலசினாங்க. வாஸ்து பார்க்க ஒருத்தர் காம்பஸோட வந்தார். ஈசான மூலையில கழிவறை இருக்கான்னு கவலைப்பட்டார். அந்தக் கழிவறையில தண்ணி ஒழுங்காப் போகுதான்னு அவரும் பார்க்கல, வேற யாரும் பார்க்கல.

இங்க பத்திரத்தைப் பார்க்க டைட்டில் கம்பெனி தனி. வீட்டோட உடம்பைப் பார்க்க ஹோம் இன்ஸ்பெக்டர் தனி. நியூ ஜெர்சில அவருக்கு மாநில லைசென்ஸ் இருக்கணும்.

தொழில் ஒண்ணும் அவ்வளவு பழசில்ல. ஆஷிங்கிற இன்ஸ்பெக்டர்கள் சங்கம் 1976-லதான் ஆரம்பிச்சுது. 1984-ல கலிஃபோர்னியால ஒரு தீர்ப்பு வந்துச்சு. மண்ணை நிரப்பி மேடாக்கின இடத்துல வீடு. வித்தப்புறம் மண் சரிஞ்சு போச்சு. வித்துக் குடுத்த ஏஜென்ட்டே வீட்டைச் சுத்திப் பார்த்து, கண்ணுக்குத் தெரியற கோளாறை வாங்குறவங்ககிட்ட சொல்லியிருக்கணும்னு கோர்ட் சொல்லிடுச்சு. ஏஜென்ட்டுங்களுக்கு வயித்தைக் கலக்காதா? "எதுக்கு வம்பு, இதுக்குன்னே படிச்ச ஆளைக் கூட்டிட்டு வாங்க"ன்னு ஆரம்பிச்சாங்க. இன்ஸ்பெக்டர் தொழில் சூடு பிடிச்சுது.

எங்க மாநிலத்துல நடைமுறை என்னன்னா, ரெண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டதும் வக்கீல்கள் பார்க்க 3 வேலை நாள். அது முடிஞ்சதும் வாங்குறவங்க தங்கள் செலவுல இன்ஸ்பெக்டரை அனுப்புவாங்க. ரெண்டு, மூணு மணி நேரம் குடைவார். அப்புறம் ரிப்போர்ட். அதுலேர்ந்து வக்கீல் கடிதம்: இதைச் சரி பண்ணு, இல்லேன்னா விலையில குறை. படிஞ்ச வியாபாரம் கலையறது பெரும்பாலும் இந்த இடத்துலதான்.

அவர் கையில என்னென்ன இருக்கும் தெரியுமா? ஏணி, டார்ச், சுவர்ல ஈரம் அளக்கிற மீட்டர், பிளக் பாயின்ட்டைச் சோதிக்கிற குட்டிக் கருவி. சிலர்கிட்ட வெப்பம் காட்டுற கேமரா. இதுல ஒண்ணாவது கிரானைட்டைப் பார்க்கிற கருவியா? இல்லையே! அவருக்கு வேண்டியது நாலே விஷயம். தண்ணி எங்க நுழையுது. கரண்ட் எங்க கடிக்கும். தீ எங்க பிடிக்கும். தன்னால எதைப் பார்க்க முடியல.

அந்த நாலாவதுலேர்ந்து ஆரம்பிக்கறேன். நம்மாளுங்க கோட்டை விடுறது அங்கதான்.

இன்ஸ்பெக்டர் உங்க சாமானை நகர்த்த மாட்டார். அது அவர் வேலை இல்லை. வழி இல்லேன்னா, "பார்க்க முடியவில்லை"ன்னு ரிப்போர்ட்ல எழுதிட்டுப் போயிடுவார். வாங்குறவங்க அதை எப்படிப் படிப்பாங்க? "என்னத்தையோ மறைக்கிறாங்க!"

எங்க வீட்டு எலக்ட்ரிக் பேனல் கராஜ்ல. அதுக்கு முன்னாடி என்ன? பொன்னி அரிசி மூட்டை, இட்லி அரிசி மூட்டை, உளுந்து, தள்ளுபடியில வாங்கின எண்ணெய் டின், ஊர்லேர்ந்து வந்த மிளகாய்த்தூள் டப்பா. பேனலுக்கு முன்னாடி 30 அங்குல அகலம், 36 அங்குல ஆழம் காலியா இருக்கணும்னு இந்த நாட்டு மின்சார விதி சொல்லுது. எங்க வீட்டுல அந்த இடத்துல ஒரு மளிகைக்கடையே நடந்துக்கிட்டிருந்துது.

அடுத்தது அட்டிக். ஏறுற வழி எங்க இருக்கு? பெட்ரூம் குளோஸட் உச்சியில. குளோஸட்ல என்ன இருக்கு? பட்டுப்புடவை. அதுக்கு மேல பெட்டி. பெட்டிக்கு மேல இன்னொரு பெட்டி. எல்லாத்தையும் இறக்கிட்டு மேல ஏறினா, அங்க கொலு பொம்மை அட்டைப்பெட்டிங்க கொலுவிருக்கு. தசாவதாரம், செட்டியார், மரப்பாச்சி, கிரிக்கெட் டீம் (ஆமா, கிரிக்கெட் டீம்தான், சிரிக்காதீங்க).

ரங்கமணி முனகிக்கிட்டே ஒவ்வொண்ணா இறக்கினார். "ஏம்மா, நவராத்திரி முடிஞ்சதும் இதை யாருக்காவது குடுத்திருக்கலாம்ல?" நான் பார்த்த பார்வையில மறுபடி அந்தப் பேச்சை எடுக்கல.

ஆனா பாருங்க, அந்தப் பெட்டிங்களை நகர்த்தினதாலதான் ஒரு விஷயம் தெரிஞ்சுது. பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேன்லேர்ந்து கூரைக்குப் போற குழாய் கழண்டு கிடந்துது. குளிக்கிற ஆவி மொத்தமும் அட்டிக்குள்ளயே போயிருக்கு. குளிர்காலத்துல அந்த ஆவி கூரைப் பலகையில படிஞ்சு தண்ணியாகும். நாளடைவுல பூஞ்சை. "அட்டிக்கில் பூஞ்சை"ன்னு ஒரு வரி ரிப்போர்ட்ல வந்தா, வாங்குறவங்க ஓட்டம்தான். நல்லவேளை, பலகை இன்னும் கறுக்கல. ஒரு கிளாம்ப், ஒரு சுருள் ஃபாயில் டேப். முடிஞ்சுது வேலை.

அதனாலதான் சொல்றேன். முதல்ல வழியைத் திறங்க. பேனல், அட்டிக், ஃபர்னஸ், வாட்டர் ஹீட்டர், சிங்க்குக்குக் கீழ உள்ள அலமாரி, பேஸ்மென்ட் சுவர் ஓரம். காசு செலவே இல்லை, முதுகுவலி மட்டும்தான். அவர் கண்ணுல படுறதுக்கு முன்னாடி உங்க கண்ணுல படும்.

இப்ப தண்ணி.

பேஸ்மென்ட் சுவர்ல வெள்ளை வெள்ளையா உப்புப் பூத்து நின்னுது. சிமென்ட் வழியா ஈரம் கசிஞ்சு, தண்ணி காஞ்சு, உப்பு மட்டும் தங்கிப் போறது அது. பெயிண்ட் யோசனை பிறந்ததே இதைப் பார்த்துதான். பேஸ்மென்ட்ல ஒரே ஒரு மூலைக்கு மட்டும் புதுப் பெயிண்ட் பளபளன்னு இருந்தா, இன்ஸ்பெக்டர் மீட்டரை முதல்ல எங்க வைப்பார்னு நினைக்கறீங்க?

நாங்க முதல்ல வினிகர் ஊத்தித் தேய்ச்சோம். போச்சு. அடுத்த மழைக்குத் திரும்ப வந்துது. சரி, இது உள்ள பண்ற வேலை இல்லைன்னு வெளிய போய்ப் பார்த்தோம். கூரைத் தண்ணியை இறக்குற குழாய் (இங்க டவுன்ஸ்பவுட்) அஸ்திவாரத்துக் காலடியிலேயே கொட்டுது. மண்ணும் வீட்டுப் பக்கமா சரிஞ்சு கிடக்கு. மழைத் தண்ணி வேற எங்க போகும் பாவம்?

வீட்டை ஒட்டின மண் முதல் 10 அடியில 6 அங்குலமாவது வெளிப்பக்கம் சரியணும். இது பொதுக் கணக்கு. மண் வாங்கிப் போட்டு மேடாக்கினோம். டவுன்ஸ்பவுட் நுனியில ஒரு நீட்டுக் குழாய் மாட்டித் தண்ணியைத் தள்ளி விட்டோம். கூரை ஓரத்துக் கட்டர்ல மக்கின இலையை வாரினோம் (உள்ள ஒரு மேப்பிள் கன்னு முளைச்சு நின்னுது, வளர்ப்புப் பிள்ளை மாதிரி எடுத்துத் தொட்டியில வச்சிருக்கேன்). அப்புறம் பெஞ்ச மழைக்குச் சுவர் காய்ஞ்சே இருந்துது. பெயிண்ட் அடிக்கல. சுவரை அப்படியே விட்டுட்டு, "ஈரம் இருந்தது, இன்ன வேலை செய்தோம்"னு விற்பனைப் படிவத்துல எழுதிட்டோம்.

இங்க ஒரு வார்த்தை. நியூ ஜெர்சில 2024 ஆகஸ்ட்லேர்ந்து, வீட்டோட நிலைமையை எழுதிக் குடுக்கிற படிவம் விக்கிறவங்களுக்குக் கட்டாயம். வெள்ள அபாயம் பத்தின கேள்வியும் உண்டு. தெரிஞ்சதை மறைச்சா பின்னாடி கோர்ட்டுல மாட்டும். "உள்ளது உள்ளபடி விக்கிறேன்"னு எழுதிட்டா தப்பிச்சிடலாம்னு சிலர் சொல்றாங்க. தெரிஞ்சே மறைச்சதை அது காப்பாத்தாது.

இதுக்கு எங்க மாநிலத்துலயே ஒரு பிரமாதமான வழக்கு இருக்கு. கதாநாயகன் யார்னா, கரப்பான்பூச்சி! வாங்குறவங்க வந்து பார்த்தப்போ வீட்டுல விளக்கெல்லாம் எரிஞ்சுது, ஒண்ணும் தெரியல. கிரயத்துக்கு முன்னாடி ஒரு சாயந்திரம் இருட்டு வீட்டுக்குள்ள போய் ஸ்விட்சைப் போட்டா, நாலா பக்கமும் கரப்பான் ஓடுது. வாங்க மாட்டோம்னுட்டாங்க. நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. விக்கிறவங்க தெரிஞ்சே மறைச்சது உண்மைன்னா, வாங்குறவங்க ஒப்பந்தத்தை உதறிடலாம்னு 1974-ல தீர்ப்பு. கரப்பானுக்கே இந்தக் கதின்னா, ஈரச் சுவருக்கு?

தண்ணியில இன்னொண்ணு, நம்ம வீடுகளுக்கே உரியது. டாய்லெட்டுக்குப் பக்கத்துல நாமே மாட்டின ஹேண்ட் ஸ்ப்ரே. அந்த டி-மூட்டுல சொட்டுச் சொட்டாக் கசிவு இருக்கும், கீழ தரை ஊறும். ஒரு டிஷ்யூ பேப்பரை மூட்டுல சுத்தி ராத்திரி விடுங்க. காலையில நனைஞ்சிருந்தா வாஷரை மாத்துங்க. டாய்லெட்டை ரெண்டு கையாலயும் பிடிச்சு ஆட்டியும் பாருங்க. இன்ஸ்பெக்டர் கட்டாயம் ஆட்டுவார். எங்களோடது ஆடுச்சு. போல்ட்டை முறுக்கிப் பார்த்தோம், கேக்கல. அடியில இருக்கிற மெழுகு வளையத்தை மாத்தினதும் அடங்குச்சு.

கரண்டுக்கு வருவோம்.

சிங்க் பக்கத்துல ரெண்டு குட்டிப் பட்டனோட ஒரு பிளக் பாயின்ட் இருக்கும், பார்த்திருப்பீங்க. ஜி.எஃப்.சி.ஐ. போற கரண்டுக்கும் திரும்பி வர்ற கரண்டுக்கும் 5 மில்லிஆம்பியர் அளவு வித்தியாசம் வந்தாலே டப்புனு கட் பண்ணிடும். அந்த வித்தியாசம் உங்க உடம்பு வழியா போறதா இருக்கலாம், அதான். மின்சார விதி பாத்ரூமுக்கு இதை 1975-ல கட்டாயமாக்குச்சு, கிச்சனுக்கு 1987-ல. எங்க வீடு ரெண்டுக்கும் நடுவுல பிறந்தது. பாத்ரூம்ல இருக்கு, கிச்சன்ல இல்லை. கிச்சன்லதானே ஈரக்கையோட கிரைண்டரையும் மிக்ஸியையும் போடறோம்!

பழைய வீட்டுல மாத்தியே ஆகணும்னு சட்டம் இல்லை. ஆனா ரிப்போர்ட்ல கட்டாயம் வரும், அதுவும் "பாதுகாப்பு"ங்கிற தலைப்புல. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாத்திட்டோம். (ரங்கமணி யூடியூப் பார்த்துத் தானே மாத்தறேன்னார். காலண்டரைப் பார்த்து ராகுகாலம்னு சொல்லி நிறுத்தினேன். வேற வழி தெரியல.)

கராஜ்ல ரெண்டாவது ஃபிரிட்ஜை எக்ஸ்டென்ஷன் கார்டுல ஓட்டுறவங்க கையைத் தூக்குங்க. பாதிப் பேர் தூக்கியாச்சு. இன்ஸ்பெக்‌ஷனுக்கு முன்னாடி அந்தக் கார்டைக் கழட்டிட்டு நேரா சுவர் பாயின்ட்டுல மாட்டுங்க. விக்கிறதுக்காகன்னு இல்லை, பத்திக்காம இருக்கறதுக்காக.

தீ. இதுல நம்ம குலத்தொழில் ஒண்ணு உண்டு. மிளகாய் தாளிச்சா ஸ்மோக் அலாரம் கத்தும். அதைக் கழட்டி டிராயர்ல போடுவோம். அப்புறம் அது டிராயர்லயே குடித்தனம் பண்ணும்.

நியூ ஜெர்சில அந்த வேலை செல்லாது. வீடு கைமாறணும்னா ஊர் தீயணைப்பு அதிகாரி வந்து பார்த்து ஒரு சான்றிதழ் தரணும். ஒவ்வொரு மாடியிலயும், பெட்ரூமுக்கு 10 அடிக்குள்ளயும் ஸ்மோக் அலாரம். பெட்ரூம் பக்கத்துல கார்பன் மோனாக்ஸைடு அலாரம். கிச்சனுக்கு 10 அடிக்குள்ள தீயணைப்பான், 2ஏ:10பி:சி ரகம். பேட்டரி அலாரமா இருந்தா, 2019-லேர்ந்து பத்து வருஷம் தாங்குற சீல் வச்ச பேட்டரிதான் செல்லும். சான்றிதழைக் கடைசி நேரத்துல கேட்டா கட்டணமும் கூடும். முன்னாடியே விண்ணப்பம் போடுங்க.

அடுத்தது கண்ணுக்குத் தெரியாத ஆசாமி. ரேடான்.

பாறையில இருக்கிற யுரேனியம் சிதையறப்போ வர்ற வாயு இது. மண்ணுலேர்ந்து பேஸ்மென்ட்டுக்குள்ள ஏறும். நிறம், மணம் கிடையாது. நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைபிடிக்கிறதுக்கு அடுத்த காரணம் இதுதான்னு அமெரிக்க அரசே சொல்லுது. 1984-ல பக்கத்து மாநிலம் பென்சில்வேனியால ஸ்டான்லி வாட்ரஸ்னு ஒரு எஞ்சினியர், லிமெரிக் அணுமின் நிலையத்துல வேலை. கதிரியக்க அலாரம் அவரைப் பார்த்தாலே அடிக்குது. விசாரிச்சா, வேலைக்கு உள்ள நுழையறப்பவே அடிக்குது! நிலையம் அப்ப மின்சாரம் தயாரிக்கவே ஆரம்பிக்கல. கதிரியக்கம் வந்தது அவர் வீட்டுலேர்ந்து. லிட்டருக்கு 4 பைகோக்யூரி இருந்தாலே நடவடிக்கை எடுக்கணும்ங்கிறது இன்னிக்குக் கணக்கு. அவர் வீட்டுல ஏறக்குறைய 2,700. ரீடிங் ப்ராங்னு சொல்ற அந்தப் பாறைத் தொடர் வடக்கு நியூ ஜெர்சி வழியாவும் போகுது. அதனால இங்க ரேடான் டெஸ்ட் இல்லாம வாங்குறவங்க ரொம்பக் குறைவு.

டெஸ்ட் குறைஞ்சது 48 மணி நேரம். அதுக்கு 12 மணி நேரம் முன்னாடிலேர்ந்தே ஜன்னல், கதவு எல்லாம் மூடியே இருக்கணும். வழக்கமா வந்து போக மட்டும் கதவைத் திறக்கலாம். இதோட நடைமுறை அர்த்தம் என்ன? அந்த நாட்கள்ல வீட்டுல மீன் குழம்பு கிடையாது. கருவாடு நினைச்சுக்கூடப் பார்க்கக் கூடாது. ரங்கமணி தயிர்சாதத்தைப் பார்த்து விட்ட பெருமூச்சு பேஸ்மென்ட் கருவியில பதிவாகியிருக்கும்.

"ராத்திரி ஜன்னலைக் கொஞ்சம் திறந்து விடுங்க, அளவு குறையும்"னு ஒரு நண்பர் காதுல ஓதினார். சில கருவிங்க ஜன்னல் திறந்தாலே காட்டிக் குடுத்துடும். காட்டாட்டியும், நாளைக்கு அந்தப் பேஸ்மென்ட்ல ஒரு குழந்தை விளையாடப் போகுது, சார். அளவு கூடுதலா இருந்தாலும் குடி முழுகிடாது. தரைக்கு அடியிலேர்ந்து ஒரு குழாய், ஒரு ஃபேன், வாயு கூரைக்கு மேல போயிடும். எங்களுக்கு 4-க்குக் கீழதான் வந்தது.

இன்ஸ்பெக்டர் வர்ற அன்னிக்கு என்ன பண்ணணும்? வீட்டைத் திறந்து விட்டுட்டுக் கிளம்பிடுங்க. பின்னாலயே நடந்து "அது போன வருஷம்தான் மாத்தினோம்"னு சொல்லிக்கிட்டே போனா யாருக்கும் பிடிக்காது. எல்லா பல்பும் எரியட்டும் (ஃபியூஸ் போன பல்பைப் பார்த்தா வயரிங் கோளாறோன்னு எழுதுவாங்க). பூட்டின கதவுக்குச் சாவி வையுங்க. கூரை, ஃபர்னஸ், வாட்டர் ஹீட்டர் ரசீது, டவுன்ல வாங்கின பர்மிட் எல்லாம் ஒரு ஃபைல்ல போட்டு மேஜை மேல வையுங்க. பேஸ்மென்ட்ல அறை கட்டினவங்க பர்மிட்டை இப்பவே தேடுங்க. அது இல்லேன்னா வரப்போற தலைவலிக்கு இன்னொரு பதிவு வேணும்.

இவ்வளவு பண்ணியும் ரிப்போர்ட் கல்யாண ஆல்பம் கனத்துக்கு வந்துது. பயந்துடாதீங்க. எல்லாருக்கும் அப்படித்தான் வரும். கதவுக் குமிழ் லூஸு, ஜன்னல் வலையில கிழிசல்னு கண்ணுல பட்டதெல்லாம் எழுதறது அவர் கடமை. வக்கீல் கடிதத்துல வந்தது என்னவோ வயசான ஃபர்னஸ் ஒண்ணுதான். ஆளை வச்சு மாத்தறதை விட விலையில கொஞ்சம் குறைச்சுக்கறோம்னோம், ஒத்துக்கிட்டாங்க. பேஸ்மென்ட் ஈரத்தைப் பத்தி ஒரு கேள்வி வரல. நாங்களே சொல்லிட்டோமே, அப்புறம் என்ன கேக்கறது!

என் தீர்ப்பு இதுதான் மக்களே: கிரானைட்டுக்கு வச்சிருக்கிற காசுல கால்வாசியைக் கட்டர், டவுன்ஸ்பவுட், பிளக் பாயின்ட், அலாரத்துக்குச் செலவு பண்ணுங்க. மிச்சத்தைப் பேங்க்ல போடுங்க. தெரிஞ்ச குறையை நீங்களே முதல் ஆளா எழுதிக் குடுங்க.

விக்கிற எண்ணமே இல்லாதவங்களும் இந்த வாரக் கடைசியில ஒரு காரியம் பண்ணுங்க. ஸ்மோக் அலாரத்தைக் கழட்டித் திருப்பினா பின்பக்கம் தயாரிச்ச வருஷம் போட்டிருக்கும். பத்து வருஷம் தாண்டியிருந்தா தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கி மாட்டுங்க. டிராயர்ல இல்ல, சீலிங்ல.